மகளின் பொறியியல் சேர்க்கை: நிதியுதவியை நம்புவதா, ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகையை நாடுவதா?

கேள்வி: இண்டியானா தந்தை

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பை முடித்துக் கோடை விடுமுறையில் இருக்கிறாள்; வரும் இலையுதிர் காலத்தில் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏரோஸ்பேஸ் பொறியியலைத் தவிர வேறெதையும் அவள் நினைத்துப் பார்ப்பதில்லை. பள்ளி மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. 3.9, கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி.யில் 1490, கால்குலஸ், இயற்பியல் இரண்டும் கல்லூரித் தரமான ஏ.பி. நிலையில்; பள்ளியின் கிராஸ் கன்ட்ரி ஓட்ட அணிக்கு அவள்தான் தலைவி. எங்கள் மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்துக்கு நல்ல வாய்ப்பு இருப்பதாகப் பள்ளி ஆலோசகர் கூறுகிறார். அவளுடைய பட்டியலிலோ மாசசூசெட்ஸின் எம்.ஐ.டி.யும் மிஷிகன் பல்கலைக்கழகமும்தான் மேலே இருக்கின்றன.

நானும் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1,90,000 டாலர். வீட்டுக்கடன், ஊரில் இருக்கும் என் பெற்றோரின் மருத்துவச் செலவு, ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருக்கும் மகன் எல்லாவற்றையும் கடந்து கல்லூரிக்கென்று சேமிக்க முடிந்தது 60,000 டாலர்தான். சென்னையில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. அதில் என் தம்பி குடும்பம் குடியிருக்கிறது.

பள்ளிக்கு வந்த தரைப்படை அதிகாரி ஒருவர், கல்லூரியில் படித்துக்கொண்டே படை அதிகாரிக்கான பயிற்சி பெறும் ஆர்.ஓ.டி.சி. திட்டத்தைப் பற்றிப் பேசியதிலிருந்து மகள் அதையே படித்துக்கொண்டிருக்கிறாள். கல்விக் கட்டணம் முழுவதையும் படையே செலுத்தும், படிப்பு முடிந்ததும் அதிகாரியாகச் சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்கிறாள். என் மனைவிக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. கட்டணத்துக்காகப் பெண்ணைப் படைக்கு அனுப்புவதா என்று கலங்குகிறாள். மகள் தன் விருப்பத்தால் கேட்கிறாளா, எங்கள் பணச்சுமையைக் குறைக்க வேண்டும் என்று கேட்கிறாளா என்பது எனக்கும் விளங்கவில்லை.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். மகள் சென்னையில் பிறந்தவள். சென்ற ஆண்டு நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது அவளுக்கு 16 வயது. அப்போது அவளிடம் கிரீன் கார்டு இருந்தது. பதினான்கு வயதில், ஓட்டப் பயிற்சியின்போது மூச்சு வாங்குகிறது என்று சொன்னதற்காக மருத்துவர் ஓர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். சில முறைதான் பயன்படுத்தினாள், அதன்பின் தேவைப்படவில்லை. எங்கள் வருமானத்தில் நிதியுதவி கிடைக்குமா, ஆர்.ஓ.டி.சி. உண்மையில் எவ்வளவு மிச்சப்படுத்தும், எதை முதலில் தொடங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: இரு பிள்ளைகளின் தாய், நியூ ஜெர்சி

வணக்கம் ஐயா. சேர்க்கை வாய்ப்பையும் செலவையும் தனித்தனியே பார்க்காமல் ஒவ்வொரு கல்லூரிக்கும் இரண்டையும் சேர்த்தே எடைபோடுங்கள். உங்கள் பட்டியலில் உள்ள மூன்று கல்லூரிகளும் மூன்று வேறு வகையைச் சேர்ந்தவை. ஒன்றில் பொருந்தும் கணக்கு மற்றொன்றில் பொருந்தாது.

எம்.ஐ.டி. விண்ணப்பிக்கும் 100 பேரில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களையே சேர்க்கிறது. உங்கள் மகளின் மதிப்பெண்கள் நல்லவைதான். ஆயினும் அங்கு மறுக்கப்படுகிறவர்களில் பலரும் இப்படிப்பட்ட மதிப்பெண் பெற்றவர்களே. ஆனால் இடம் கிடைத்துவிட்டால், 2025 இலையுதிர் காலத்திலிருந்து, 2,00,000 டாலருக்குக் குறைவான வருமானமும் அதற்கேற்ற வழக்கமான சொத்தும் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. அத்தகைய கல்லூரியில் ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகையும் சேர்ந்து வந்தால் இரண்டும் கூடி உங்கள் கைக்கு வந்துவிடாது. படை கட்டணத்தைச் செலுத்தும்போது உங்கள் தேவை குறைந்துவிட்டதாகக் கருதிக் கல்லூரி தன் மானியத்தைக் குறைத்துக்கொள்ளும். கல்லூரியே இலவசமாகத் தரவிருந்ததை உங்கள் மகள் பல ஆண்டுப் பணியால் ஈட்டியதாக ஆகிவிடும்.

மிஷிகன் இதற்கு நேர்மாறானது. வெளிமாநில மாணவருக்கு அங்கே கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலர் அளவில் வரும். உங்கள் வருமானத்துக்கு அங்கே பெரிய மானியத்தை எதிர்பார்க்க முடியாது. முழுக் கட்டண ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகைக்கு உண்மையான மதிப்பு இருப்பது இங்கேதான். பர்டூவிலோ 2013 முதல் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருக்கிறார்கள். இண்டியானா மாணவருக்கு அடிப்படை ஆண்டுக் கட்டணம் 10,000 டாலரைத் தொடவில்லை, தங்குமிடமும் உணவும் சேர்த்தாலும் 25,000 டாலர் அளவில் முடிந்துவிடும். உங்கள் சேமிப்பு, அவளுடைய கோடைகால இன்டர்ன்ஷிப் ஊதியம், மாதந்தோறும் நீங்கள் ஒதுக்கக்கூடிய சிறு தொகை இவற்றைக் கொண்டு கடனே இல்லாமல் பட்டம் வாங்கிவிடலாம். ஆகவே படையில் சேராவிட்டால் படிக்க வழியில்லை என்ற நிலை உங்கள் வீட்டில் இல்லை. இதை மகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும், உதவி போக நீங்கள் செலுத்த வேண்டியது எவ்வளவு என்று மதிப்பிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். இன்றிரவே வரி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கல்லூரிகளுக்கும் போட்டுப் பாருங்கள். அதில் சென்னை ஃபிளாட்டை விட்டுவிடாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டைக் கூட்டரசின் நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சா கணக்கில் எடுப்பதில்லை; 401(கே) போன்ற ஓய்வுக்காலச் சேமிப்பையும் எடுப்பதில்லை. ஆனால் மற்ற அசையாச் சொத்துகள், அவை எந்த நாட்டில் இருந்தாலும், முதலீடாகவே கருதப்படும். தம்பி வாடகை தருவதில்லை என்பதால் அது கணக்கிலிருந்து விலகிவிடாது. தனியார் கல்லூரிகள் பலவும் கேட்கும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற நிதியுதவிப் படிவம் இன்னும் ஆழமாகத் துருவும். சொந்த வீட்டின் மதிப்பைக்கூடக் கேட்கும்.

மகனைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் கிடைத்த சலுகை 2024–25 முதல் கூட்டரசின் கணக்கில் இல்லை. மகளின் கடைசி ஆண்டும் மகனின் முதல் ஆண்டும் உங்களுக்கு ஒன்றாக வரும். அப்போது இருவருக்கும் முழுச் செலவு என்று வைத்தே திட்டமிடுங்கள். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் தம் பெயரில் பெறக்கூடிய கூட்டரசுக் கடன் முதல் ஆண்டில் 5,500 டாலர், நான்கு ஆண்டுகளிலும் சேர்த்து 27,000 டாலர். பெற்றோர் பெயரில் வாங்கும் பிளஸ் கடனுக்கும் 2026 ஜூலை முதல், பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. மீதியைக் கடனில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய எண்ணம் இனி உதவாது.

ஆர்.ஓ.டி.சி.யைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. அதில் பயின்றவர் யாரேனும் எழுதினால் நன்று.

மறுமொழி: முன்னாள் தரைப்படை கேப்டன், டெக்சஸ்

நான் தரைப்படை ஆர்.ஓ.டி.சி. வழியாகப் படித்துப் பொறியாளர் பிரிவில் அதிகாரியாகப் பணியாற்றியவன். என் பெற்றோரும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தாம்; உங்கள் துணைவியாரின் கலக்கம் எனக்குப் புதிதன்று.

முதலில் குடியுரிமை. உதவித்தொகை பெற அமெரிக்கக் குடிமகளாக இருந்தே ஆக வேண்டும்; கிரீன் கார்டு போதாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பதினெட்டு வயதுக்குள், கிரீன் கார்டுடன் உங்களோடு வசித்து வந்த நிலையில், நீங்கள் குடியுரிமை பெற்ற நாளிலேயே அவளும் சட்டப்படி குடிமகளாகிவிட்டாள். அதற்குச் சான்று வேண்டும் என்பதால் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு உடனே விண்ணப்பியுங்கள். பின்னர் அதிகாரியாவதற்குப் பாதுகாப்புச் சரிபார்ப்பு நடக்கும். வெளிநாட்டில் உள்ள நெருங்கிய உறவினர்களைப் படிவத்தில் எழுத வேண்டும். தாத்தா பாட்டி இந்தியாவில் இருப்பது குற்றமில்லை, எழுதாமல் விடுவதுதான் சிக்கல். என்னுடன் பணியாற்றிய இந்திய வம்சாவளியினர் எல்லோரும் இதைக் கடந்து வந்தவர்களே.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, தரைப்படை கல்விக் கட்டணத்தைச் செலுத்தும், அல்லது அதற்குப் பதிலாக ஒரு வரம்புக்குள் தங்குமிட, உணவுச் செலவைத் தரும். பர்டூ போல் கட்டணம் குறைந்த இடத்தில் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது சில நேரங்களில் கூடுதல் பயன் தரும். புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,200 டாலரும், கல்லூரி நடக்கும் மாதங்களில் 420 டாலரும் தனி. எல்லோருக்கும் நான்கு ஆண்டு உதவித்தொகையே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பலருக்கு மூன்றாண்டு உதவித்தொகை வரும், முதல் ஆண்டுக் கட்டணம் உங்கள் பொறுப்பு. மிஷிகனாக இருந்தால் அந்த ஓராண்டே உங்கள் சேமிப்பை விழுங்கிவிடும். படையின் தேர்வும் கல்லூரியின் சேர்க்கையும் தனித்தனி முடிவுகள் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். உதவித்தொகை கிடைத்த கல்லூரியில் இடம் கிடைக்காமலும் போகலாம்.

கடமை மொத்தம் எட்டு ஆண்டுகள். முழுநேரப் பணியில் சேர்ந்தால் வழக்கமாக நான்கு ஆண்டுகள் அதில் கழியும், மீதி, தேவைப்பட்டால் அழைக்கப்படும் ரிசர்வ் பட்டியலில். கடற்படை ஆர்.ஓ.டி.சி.யில் முழுநேரப் பணி ஐந்து ஆண்டுகள். ஏரோஸ்பேஸ் என்பதால் வான்படை அவள் மனத்தில் இருக்கக்கூடும். அங்கே தொழில்நுட்பப் பாடங்களுக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் உதவித்தொகைகள் பல வகை, எல்லாமே முழுக் கட்டணத்தைத் தருவதில்லை. விமானியாக வேண்டும் என்றால் பயிற்சி முடிந்த பிறகு பத்து ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். பதினேழு வயதில் பத்து ஆண்டு எவ்வளவு நீளம் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே அந்த எண்ணை அவளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நாள்தோறும் இது எப்படி இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். வகுப்புத் தோழர்கள் உறங்கும் நேரத்தில், வாரத்தில் சில நாள்கள் காலை ஆறு மணிக்கு உடற்பயிற்சி. அதன்பின் வெப்பவியல் தேர்வு. பிற்பகலில் ஆய்வகமும் இராணுவ அறிவியல் வகுப்பும். மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில், மற்ற பொறியியல் மாணவர்கள் இன்டர்ன்ஷிப்பில் இருக்கும்போது, தரைப்படை மாணவர்கள் கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸ் முகாமில் இருப்பார்கள். நிலவழி காணும் தேர்வு என் நினைவில் நிற்கிறது. வரைபடம், திசைகாட்டி, ஒரு குறிப்பேடு; ஜி.பி.எஸ். கிடையாது. விடிவதற்கு முன் சிவப்பு வெளிச்சம் தரும் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, அடிகளை எண்ணிக்கொண்டே காட்டுக்குள் நடந்து, மரங்களுக்கிடையே நட்டிருக்கும் கம்பத்தைக் கண்டுபிடித்து அதிலுள்ள குறியீட்டை எழுதிக்கொண்டு வர வேண்டும். சட்டை முள்ளில் கிழியும், உண்ணி ஏறும். இதைக் கேட்டு அவள் முகம் மலர்கிறதா சுருங்குகிறதா என்று பாருங்கள். எந்தக் கட்டணக் கணக்கைவிடவும் அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

அவளுடைய மனத்தை அறிய உறுதியான வழி ஒன்று இருக்கிறது. உதவித்தொகை இல்லாமலே முதல் இரண்டு ஆண்டுகள் ஆர்.ஓ.டி.சி. வகுப்புகளில் எந்தக் கடமையும் இன்றிச் சேரலாம். பிடித்திருந்தால் கல்லூரிக்குள்ளேயே வழங்கப்படும் மூன்றாண்டு, இரண்டாண்டு உதவித்தொகைகளுக்குப் போட்டியிடலாம். "பணம் இல்லாவிட்டாலும் சேர்வாயா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் தடுக்காதீர்கள். நான்கு ஆண்டு உதவித்தொகை பெற்றவரும் முதல் ஆண்டு முடிவில், இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன் விலகினால் எதையும் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. அதற்குப் பிறகு விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரிடும், அல்லது சிப்பாயாகப் பணியாற்றச் சொல்லலாம்.

மேற்கண்ட அம்மையார் பர்டூவைப் பற்றிச் சொன்னதோடு நானும் உடன்படுகிறேன். 1947-இல் பதினேழு வயதில் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் பர்டூவில் சேர்ந்தது கடற்படை கட்டணம் செலுத்திய ஹாலோவே திட்டத்தின் கீழ்தான். எம்.ஐ.டி.யிலும் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. நல்ல கல்விக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று அங்கே படித்த உறவினரே தடுத்தார். அந்தத் திட்டத்தின்படி படிப்பை இடையில் நிறுத்திப் பணிக்குச் சென்றார், கொரியப் போரில் பறந்தார், திரும்பி வந்து 1955-இல்தான் பட்டம் பெற்றார். படை தன் பங்கைக் கேட்கும் என்பதும் அந்த வரலாற்றில் இருக்கிறது.

மறுமொழி: சுவாச சிகிச்சையாளர், ஒகையோ

இன்ஹேலரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் திட்டம் முழுவதும் அதில் தங்கியிருக்கிறது.

பதின்மூன்றாவது பிறந்த நாளுக்குப் பிறகு ஆஸ்துமாவோ, உடற்பயிற்சியால் வரும் மூச்சுக்குழாய்ச் சுருக்கமோ இருந்ததாகப் பதிவு இருந்தால், படையின் மருத்துவ விதிகளின்படி அது தகுதி நீக்கத்துக்குரியது. இதைச் சோதிப்பது டாட்மெர்ப் என்ற அமைப்பு. அது தகுதியில்லை என்று சொன்னாலும் கதை முடிவதில்லை. அந்தந்தப் படைப்பிரிவு விலக்கு அளிக்கலாம், ஒரு பிரிவு மறுத்ததை மற்றொரு பிரிவு ஏற்பதும் உண்டு. ஆனால் விலக்கு உறுதியன்று, மாதக்கணக்கில் இழுக்கவும் செய்யும்.

எனவே முதல் வேலையாக அந்த மருத்துவரிடமிருந்து முழுப் பதிவையும் வாங்குங்கள். பதிவில் ஆஸ்துமா என்று எழுதியிருக்கிறாரா, மூச்சு வாங்குகிறது என்ற அறிகுறியை மட்டும் எழுதி மருந்து கொடுத்தாரா என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. அடுத்து, நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் மூச்சின் அளவை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்யுங்கள். மூச்சுக்குழாய் எளிதில் சுருங்குகிறதா என்று பார்க்கும் மெத்தகோலின் சோதனை தேவையா என்று அவரே சொல்வார். மருந்தே இல்லாமல் ஓட்ட அணியில் ஓடி வந்தது அவளுக்குச் சாதகமானது; பந்தய நேரங்களைத் தொகுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில முறைதானே பயன்படுத்தினாள் என்று படிவத்தில் மறைத்துவிட வேண்டாம். மருந்துச் சீட்டு பதிவில் இருக்கும். பின்னாளில் வெளிப்பட்டால் உதவித்தொகை மட்டுமின்றி அவளுடைய நேர்மையும் கேள்விக்குள்ளாகும்.

கேட்டவரின் பதில்: இண்டியானா தந்தை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுமொழிகளை மகளும் மனைவியும் உடனிருக்கப் படித்தோம்.

கால்குலேட்டரில் ஃபிளாட்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். மிஷிகன் மானியம் எதையும் காட்டவில்லை. பர்டூ எங்களால் தாங்கக்கூடிய தொகை என்று மகளிடம் எண்களைக் காட்டி விளக்கினேன். அதுவரை தன் தம்பியின் படிப்புக்குப் பணம் மிஞ்சாது என்று அவள் அஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த அச்சம் நீங்கிய பிறகும், உதவித்தொகை இல்லாவிட்டாலும் முதல் ஆண்டு ஆர்.ஓ.டி.சி. வகுப்பில் சேர்ந்து பார்க்க விரும்புவதாகச் சொல்கிறாள். மனைவி இன்னும் ஒப்பவில்லை. ஆனால் பெண் மாணவர்கள் யாரிடமாவது பேச வேண்டும், பெண்களின் பாதுகாப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிக் கேட்க வேண்டும் என்கிறாள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டோம். மருத்துவப் பதிவுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறோம்.

ஓர் ஐயம். மருத்துவ முடிவு தெரியும்வரை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காமல் காத்திருப்பதா? வெஸ்ட் பாயின்ட் போன்ற இராணுவக் கல்விக்கழகங்களையும் சேர்த்துப் பார்க்கலாமா?

மறுமொழி: முன்னாள் தரைப்படை கேப்டன், டெக்சஸ்

காத்திருக்க வேண்டாம். தேர்வுக் குழு ஆண்டில் பல முறை கூடும். முன்னதாக விண்ணப்பிப்பவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிசீலிக்கப்படுவார். நேர்காணலும் உடல்திறன் தேர்வும் முதலில் நடக்கட்டும். மருத்துவத் தகுதி உறுதியாகும்வரை உதவித்தொகை நடைமுறைக்கு வராது என்பதை மட்டும் நினைவில் வைத்து, அந்தப் பணத்தை நம்பி எந்தக் கல்லூரிக்கும், இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் எர்லி டிசிஷன் விண்ணப்பம் போடாதீர்கள். பர்டூவின் முன்கூட்டிய விண்ணப்ப முறையான எர்லி ஆக்‌ஷன் யாரையும் கட்டுப்படுத்தாது. அதற்கு நவம்பர் 1-க்குள் அனுப்பிவிடுங்கள்.

வெஸ்ட் பாயின்டில் கட்டணமே இல்லை. ஆனால் ஐந்து ஆண்டு முழுநேரப் பணி உண்டு, செனட்டர் அல்லது காங்கிரஸ் உறுப்பினரின் பரிந்துரையும் வேண்டும். அவர்களுடைய அலுவலகங்கள் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பத்தை முடித்துக்கொள்வதால், விருப்பமிருந்தால் இந்த வாரமே தொடங்க வேண்டும். வகுப்பில் சேர்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்க நினைப்பவளுக்கு அதைவிட ஆர்.ஓ.டி.சி. பொருந்தும் என்பது என் கருத்து.

பர்டூவின் ஆர்.ஓ.டி.சி. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும் என்றும் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளுடன் தாய் தனியே பேச வேண்டும் என்றும் கேளுங்கள். அதிகாரிகள் உடனில்லாமல் பேசுவதற்கு வழி செய்யச் சொல்லுங்கள், செய்து தருவார்கள்.